மூடுவதற்கு முன் கேட்க வேண்டியது

லிங்கராஜபுரத்தில் குளோரியாவின் போன் விடியற்காலையில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து, "இன்னிக்கி யாரு?" என்று கேட்பார்கள். குளோரியா ஜோசியக்காரி அல்ல. காக்ஸ் டவுனில் ஒரு கண் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிறவள். ஆனால் கோலார் தங்கவயலிலிருந்து கிளம்பி பெங்களூர் முழுக்கச் சிதறிப்போன சனத்தில் யார் கண்ணை மூடினாலும், அந்தச் சேதி குளோரியாவின் கைவழியாகத்தான் வெளியே போக வேண்டும். இந்த வேலைக்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. அவளே நியமித்துக்கொண்டாள். அதைவிட உறுதியான உத்தியோகம் அரசாங்கத்தில்கூடக் கிடையாது.

அவளும் அவள் புருஷன் சாலமனும் சேர்ந்து ஆரம்பித்த குரூப் அது. போனில் ஓர் ஆப்; அதற்குள் 'தங்கவயல் லைன் சொந்தங்கள்'. சுரங்கக்காரர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளுக்கு லைன் என்று பேர். சுரங்கம் மூடிப் பல வருஷமாகியும் அங்கே பிறந்தவர்கள் இன்னும் லைனை வைத்துத்தான் ஒருவரையொருவர் அடையாளம் சொல்வார்கள். சாலமன் என்று பேர் வைத்தவர்களே நாற்பது வீட்டில் உண்டு; சாலமன் செத்துப்போனார் என்று மட்டும் போட்டால் அத்தனை வீட்டிலும் அழுகை கிளம்பும். எனவே குளோரியா எந்த லைன், யார் மகன், பட்டப்பேர் என்ன, எப்போது எடுக்கிறார்கள் என்று எல்லாம் விசாரித்துத்தான் அறிவிப்பை வெளியே விடுவாள். பெட்டியில் கிடத்திய முகத்தையும் ஒரு படம் போடுவாள். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற பிள்ளைகள் முகம் பார்க்க அதுதான் வழி.

குரூப்பில் அவள் வைத்ததுதான் சட்டம். விளம்பரம் கூடாது. கட்சி கூடாது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ கூடவே கூடாது. மீறினால் தூக்கிவிடுவாள். தூக்கப்பட்டவர்களுக்கு அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அரிசியில் கல் பொறுக்குகிறவள் ஒவ்வொரு கல்லுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டா இருப்பாள்?

குரூப்புக்கு இரண்டு அட்மின்கள். ஒன்று குளோரியா. இன்னொன்று சாலமன். அவர் இரண்டு வருஷமாகத் தங்கவயல் கல்லறையில் இருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸில் நின்றபடியே அவள் போனைத் திறந்தாள். குரூப் வரவில்லை. வெள்ளைத் திரையில் நாலு வரி வந்தது.

'உங்கள் கணக்கு இடைநிறுத்தம் செய்யப்பட்டுள்ளது. உங்கள் செயல்பாடு எங்கள் சமூக விதிகளைப் பின்பற்றவில்லை எனக் கண்டறிந்துள்ளோம். எங்கள் சமூகத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்க உதவுவதற்கு நன்றி.'

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, வாசலில் நின்று கும்பிடு போட்டதுபோல் இருந்தது அந்த நன்றி. எந்த விதி என்று பார்க்க ஒரு இடம் இருந்தது. தொட்டாள். கொலை, கடத்தல், ஆயுதம், ஆபாசம் என்று விதிகள் பெங்களூர் டிராஃபிக் மாதிரி நீண்டுகொண்டே போயின. காக்ஸ் டவுன் வரும்வரை படித்தாள். தனக்குத் தெரிந்து ஆயுதம் எதையும் கடத்தியதாக ஞாபகம் இல்லை.

மறுபரிசீலனை கேட்கலாம் என்று கீழே ஒரு பட்டன். அமுக்கினால், முகத்தை வீடியோ எடுக்கச் சொன்னது. இடப்பக்கம் மெதுவாகத் திருப்புக. வலப்பக்கம் மெதுவாகத் திருப்புக. பஸ்ஸில் குளோரியா கோயில் யானை மாதிரி தலையை அசைப்பதைப் பார்த்துக் கண்டக்டர், கழுத்து வலியா மேடம் என்று கன்னடத்தில் அக்கறையாக விசாரித்தார். அவள் போனைப் பைக்குள் வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது: 'மதிப்பாய்வு செய்தோம். முடிவில் மாற்றம் இல்லை.'

கிளினிக்கில் கண்ணுக்கு மருந்து விட்டால், கண்பாப்பா விரியவே அரைமணி நேரம் ஆகும். அதற்கப்புறம்தான் டாக்டர் பார்ப்பார். இத்தனை அவசரமாகப் பார்த்தது யார், எதைப் பார்த்தார்கள் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு அவள் டோக்கன்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள்.

அன்று முழுக்கத் தன் பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பெட்டியில் இருக்கும் முகங்களைப் போட்டது தப்பா? பாஸ்டர் மனைவியின் புதுப் புடவைக்கு வேண்டுமென்றே லைக் போடாமல் விட்டது தெரிந்துவிட்டதா? ஒரே நாளில் அடுத்தடுத்து மூன்று சாவு போட்டதில், இவள்தான் ஆட்களை முடிக்கிறாள் என்று நினைத்துவிட்டார்களா? எதைச் செய்ததற்கு இது என்று தெரிந்தால் ஒன்று மன்னிப்புக் கேட்கலாம், இல்லை சண்டை போடலாம். இரண்டுக்கும் வழியில்லை.

இன்னொரு ஈமெயிலில் புதுக் கணக்கு தொடங்கிப் பார்த்தாள். அது தொடங்கியது. ஆனால் குரூப்பில் சேர அட்மின் அனுமதி வேண்டும். புது குளோரியா பழைய குளோரியாவின் வாசலில் அனுமதிக்காகக் காத்து நின்றாள். பழையவளைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்களே. சாலமனின் பாஸ்வேர்டோ அவரோடு கல்லறைக்குப் போய்விட்டது.

மாடியில் குடியிருக்கும் மோனிகாவுக்கு இந்த உலகம் தெரியும். அவள் வேலையே அதுதான். எந்தக் கம்பெனிக்கு என்று சொல்லக் கூடாதாம். இடையில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. மத்தியான ஷிஃப்டில் போய் உட்கார்ந்து, திரையில் வரும் படங்களை இருக்கட்டும், எடுத்துவிடு என்று பிரித்துக்கொண்டே இருப்பாள். மறுநாள் காலை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது குளோரியா அவளைப் பிடித்தாள்.

"நீதான் ஏதாவது பண்ணேன் மோனி. உள்ள யார்கிட்டயாவது சொல்லி."

"ஆன்ட்டி, என்கிட்ட வர்றது உங்க ஆப்பே இல்ல. அப்படியே இருந்தாலும் பேர் வராது. ஒரு படம் வரும், போகும். எங்கிருந்து வந்துச்சு, யார் போட்டாங்க, ஒண்ணும் தெரியாது."

"காரணம்னு ஒண்ணு எழுதுவீங்கதானே?"

"எழுத இடமே இல்ல. வன்முறை, ஸ்பாம், மத்ததுன்னு வரிசையா இருக்கும். ஒண்ணத் தொட்டா அடுத்த படம். ஏன் எடுத்தேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. எவ்ளோ எடுத்தேன்னு டெய்லி கேப்பாங்க." மோனிகா கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒரு சுடிதாரை விரித்தாள். பிறகு கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "சில நாள் பெட்டில படுத்திருக்க முகம் வரும். மூக்குல பஞ்சு, கழுத்துல மாலை. நம்ம வீட்டுச் சாவுன்னு எனக்குத் தெரியும், விட்டுடுவேன். பக்கத்து சீட் பையன் டெல்லிக்காரன். அவனுக்கு அது பொணம். எடுத்துடுவான். அவன் மேலயும் தப்பில்ல ஆன்ட்டி."

"அப்ப என்னைத் தூக்குனது உன்ன மாதிரி ஒரு பொண்ணு."

"இல்லன்னா ஒரு மெஷின். பாதி நாள் எங்களுக்கே வித்தியாசம் தெரியாது."

குளோரியா பெருமூச்சு விட்டாள். மோனிகா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஆமா, நீங்க உங்க குரூப்ல ஆளத் தூக்குறப்ப காரணம் சொல்லுவீங்களா?"

"அது வேற."

"எப்படி வேற?"

குளோரியா ஈரப் போர்வையை ஓங்கி உதறினாள். இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது. பதிலுக்கு அது போதும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, டீ கொதிக்கும்போது போன் வந்தது. பேசியது தங்கவயல் சாம்பியன் லைனிலிருந்து விஜி.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா. விடியக்காலம். அப்பவே குரூப்ல போட்டேன். 'அனுமதிக்குக் காத்திருக்கிறது'ன்னே நிக்குது. நீங்க இன்னும் பாக்கலியா?"

விஜியின் அப்பா சின்னப்பா. தங்கவயல் பேண்ட் செட்டில் பெரிய டிரம் அடித்தவர். லைனில் எந்தப் பிணம் எடுத்தாலும் முன்னால் அவர் டிரம்தான் போகும். கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு, பௌத்தர் வீடு என்று அவர் பார்த்ததில்லை. சாலமனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் மழையில் நனைந்துகொண்டே அடித்தார். தோல் ஊறி, டிரம் இருமுகிற மாதிரிச் சத்தம் போட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நாளைக்கி மூணு மணிக்கு எடுக்கறோம்க்கா," என்றாள் விஜி. "அப்பா படுக்கையிலேயே கேட்டுக்கினு இருந்தாரு. எல்லார் சாவுக்கும் போனேனே, எனக்கு வருவாங்களான்னு. வருவாங்கப்பா, குளோரியாக்கா போட்டா எல்லாரும் வருவாங்கன்னு சொன்னேன்."

கணக்குப் பூட்டிக்கிடப்பதை விஜியிடம் சொல்ல குளோரியாவுக்கு வாய் வரவில்லை. "பாத்துக்கறேன்டி," என்று மட்டும் சொல்லி வைத்தாள். டீ பொங்கி அடுப்பை அணைத்தது.

போனில் நம்பர்களைத் தேடினாள். கேஸ்காரர், டாக்டர், நாத்தனார், தெருவில் நாலு பேர். குரூப் வருவதற்கு முன்னால், ஒரு சாவு என்றால் கூப்பிட்டுச் சொல்ல அவளிடம் ஐம்பது வீட்டு நம்பராவது இருந்தது. குரூப் வந்தபிறகு யார் நம்பரையும் யாரும் கேட்பதில்லை. எல்லாரும் அதற்குள்தானே இருக்கிறார்கள் என்று போன் மாற்றும்போதெல்லாம் பழைய நம்பர்களை விட்டுவிட்டாள். ஆயிரக்கணக்கான சொந்தக்காரர்கள், ஒருவர் வீட்டுக் கதவும் தெரியாது. இருந்த ஏழெட்டுப் பேருக்குச் சேதி அனுப்பினாள். பிறகு கிளினிக்குக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் ஆகாயத்தைப் பார்த்துத் திட்ட வேண்டிய கம்பெனியின் வாசலுக்கே இவர்கள் பஸ்ஸில் போய்விடலாம். ரிங் ரோட்டில் அந்த ஆப் கம்பெனியின் கண்ணாடிக் கட்டடம். முன்னால் புல்வெளி, நடுவில் நீரூற்று, அதையும் தாண்டி ஒரு தடுப்புக் கட்டை. கட்டைக்குப் பக்கத்தில் நீலச் சட்டை செக்யூரிட்டி. அவன் குளோரியாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நீங்க குளோரியாக்காதானே? குரூப்ல உங்க போட்டோ பாத்துகீறேன். நான் நாகேஷ்க்கா. உரிகம் லைன், பால்கார முனிசாமி பையன்."

சொந்த ஊர்க்காரன் வாசலில் நிற்கிறான் என்றதும் குளோரியாவுக்குப் பாதிக் கதவு திறந்ததுபோல் இருந்தது. விஷயத்தைச் சொன்னாள். நாகேஷ் உள்ளே போன் போட்டான். இங்கிலீஷிலும் கன்னடத்திலும் மாறி மாறி, "மேடம், நம்ம ஊரோரு," என்று கெஞ்சினான். வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"ஹெல்ப் பேஜ்ல எழுதச் சொல்றாங்கக்கா."

"எழுதிட்டேன்பா."

"இன்னொரு வாட்டி எழுதச் சொல்றாங்க. இங்க அந்த டிபார்ட்மென்டே இல்லியாம். எங்க கீதுன்னு கேட்டேன். அது அவங்களுக்கே தெரியாதாம்."

"இவ்ளோ பெரிய கட்டடத்துல மனுஷங்க இன்னா பண்றாங்க?"

"மத்தியானம் நல்லா சாப்படறாங்கக்கா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்." நாகேஷ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். "சின்னப்பா மாமா விஷயமாத்தானே வந்தீங்க? காலைல ரயில்லயே தெரியும். எரிக் மாமா பொட்டி பொட்டியா ஏறி எறங்கிச் சொல்லிக்கினு வந்தாரு."

"எரிக்கா?"

"எப்பவும் அவருதானே சொல்வாரு. குரூப்ல இருந்து அவர யாரோ தூக்கிட்டாங்களாமே. அதுலருந்து யார் செத்தாலும் ரயில்ல வந்து சொல்லிடுவாரு." சொல்லிவிட்டு, அந்த யாரோ யார் என்று அவனுக்கே அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும். தடுப்புக் கட்டையைத் துடைக்க ஆரம்பித்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

தங்கவயலிலிருந்து தினம் பெங்களூர் வந்து போகிறவர்களுக்கு ரயில்தான் பாதி வீடு. எரிக் காக்ஸ் டவுனில் ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். சாயங்காலம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பார் என்று நாகேஷ் சொல்லியிருந்தான். குளோரியா போனபோது, அவர் பிளாட்பாரப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். வயசு அறுபதைத் தாண்டியும் ஃபுட்பால்காரனின் கெண்டைக்கால். சாலமனும் அவரும் ஒரே டீமில் ஆடியவர்கள்.

"வாம்மா குளோரியா," என்றார். "வழி தப்பி வந்துட்டியா?"

"எரிக்கண்ணா, சின்னப்பா மாமா சாவு வெளிய போகல. என் கணக்க மூடிட்டாங்க. ஏன்னே சொல்லல."

"அப்படியா." கடலைத் தொலியை ஊதினார். "ஏன்னே சொல்லாம மூடிட்டாங்களா. அடப் பாவமே."

குளோரியா பல்லைக் கடித்துக்கொண்டாள். "ரயில்ல வர்றவங்களுக்கு நீங்க சொல்லிட்டீங்க. பெங்களூர்லயே செட்டில் ஆனவங்க கீறாங்களே, லிங்கராஜபுரம், அல்சூர், காக்ஸ் டவுன். அவங்க வீடு உங்களுக்குத் தெரியும். நாளைக்கி மூணு மணிக்கு எடுக்கறாங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ எனக்கு ஒண்ணு சொல்லு. என்ன எதுக்குத் தூக்குன?"

"இப்ப அதுவாண்ணா முக்கியம்?"

"ரெண்டு வருசமா இதே பெஞ்சில குந்திக்கினு யோசிக்கிறேன். நான் யாரையும் திட்டல. ரோஜாப்பூ போடல. எனக்கும் தெரியணும்ல."

ஆரம்பத்திலிருந்தே எரிக் ஒரு மாதிரி. குரூப்பில் ஒரு சாவு போட்டால் எல்லாரும் 'ஆத்மா சாந்தியடையட்டும்', 'ஆண்டவர் மடியில் இளைப்பாறட்டும்' என்று எழுதுவார்கள். எரிக் மட்டும் செத்தவரைப் பற்றி எழுதுவார். 'இவர் சீட்டாட்டத்தில் ஜெயித்தால் எல்லாருக்கும் போண்டா வாங்கித் தருவார், தோற்றால் சீட்டைக் கிழித்துவிடுவார்.' இந்த மாதிரி. சாலமன் செத்த மூன்றாம் நாள், ஜெபத்துக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, குளோரியா ஒரு மூலையில் உட்கார்ந்து சாலமனின் அறிவிப்புக்குக் கீழே வந்தவற்றைப் படித்துக்கொண்டிருந்தாள். முந்நூறு சாந்தியடையட்டும்களுக்கு நடுவே எரிக் எழுதியிருந்தார்: 'சாலமன் ஃபைனலில் கையால் கோல் போட்டான். ரெஃப்ரி பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அந்தக் கப்பில்தான் அவன் வீட்டில் இன்னமும் அரிசி அளக்கிறார்கள்.'

அந்தக் கப்பில் அன்று மத்தியானம்தான் குளோரியா அரிசி அளந்திருந்தாள்.

"சொல்லு," என்றார் எரிக்.

தூரத்தில் ரயிலின் சத்தம் கேட்டது. பிளாட்பாரத்தில் எல்லாரும் பையைத் தோளில் மாட்டினார்கள்.

"சிரிச்சிட்டேன்ணா," என்றாள் குளோரியா.

"இன்னாது?"

"அதப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மூணாம் நாள். ஜெபம் நடக்குது. நாத்தனார், பாஸ்டர், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வாயப் பொத்திக்கினேன், நிக்கல. புருசன் செத்து மூணு நாள்ல சிரிக்கறாளேன்னு பாத்த அந்தப் பார்வை... பாத்ரூம்ல போய் நின்னுக்கினு உங்களத் தூக்கிட்டேன். எழுதுனதையும் சேத்து. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

எரிக் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ரயில் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"அந்த கோல எப்படிப் போட்டேன்னு உங்கிட்ட சொல்லியிருந்தான்?"

"தலையால. நெத்தித் தழும்பக் காட்டுவாரு."

"அது ஃபாதர் பங்களா மாமரத்துல இருந்து விழுந்தது."

குளோரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறையும் நிற்கவில்லை. பிளாட்பாரத்தில் அவளைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சிரித்து முடித்து, கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டபோது, ரயில் எரிக்கை விட்டுவிட்டுப் போயிருந்தது.

"எழுந்திரு," என்றார் எரிக். "காக்ஸ் டவுன்ல சர்ச்சுக்குப் பின்னாடி டீச்சர் தனலக்ஷ்மி வீடு. அங்க சொன்னா அவங்க அடுத்த மூணு வீட்டக் காட்டுவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும், நீ யாருக்குச் சொல்லுவேன்னு கேளு. பேரக் கேக்காம வராத. லிங்கராஜபுரம் உன்னுது. அல்சூர நான் பாத்துக்கறேன், கடைசி ரயில்ல போயிடுவேன்."

இரண்டு அடி நடந்துவிட்டு நின்றார். "எங்க தாத்தா வட ஆற்காட்டுல பண்ணக்காரன் வீட்டுச் சாவுக்கெல்லாம் ஊர் ஊரா ஓடிச் சேதி சொன்னவரு. ஓடலன்னா அடி. அது வாணாம்னுதான் சுரங்கத்துக்கு வந்தாரு. நீ ஏன்பா இப்ப ஓடறேன்னு எம் பையன் கேக்கறான். நான் நம்ம ஆளுக்கு ஓடறேன். யாரும் என்ன ஓடுன்னு சொல்லல. வித்தியாசம் கீது இல்ல?"

"கீதுண்ணா."

அன்று சாயங்காலம் குளோரியா பெயராக மட்டுமே தெரிந்த பலருடைய கதவைத் தட்டினாள். குரூப்பில் தினம் சண்டை போடும் ஒரு மனிதர் நேரில் ஒரு வார்த்தை பேசாமல் காபி போட்டுக் கொடுத்தார். குரூப்பில் அல்வா மாதிரி இனிக்க இனிக்க எழுதும் ஓர் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். சின்னப்பா என்றதும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் கேட்டார்கள்: "டிரம் சின்னப்பாவா?" அதற்குப் பிறகு, யாருக்குச் சொல்லுவீங்க என்ற கேள்விக்கு எல்லாரிடமும் பதில் இருந்தது.

மறுநாள் சாம்பியன் லைனில் தெரு கொள்ளவில்லை. பெங்களூர் பஸ் வந்து நிற்க நிற்க ஆட்கள் இறங்கினார்கள். விஜி வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவதற்கு அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. பேண்ட் செட்டில் சின்னப்பாவுக்குப் பதிலாக ஒரு பெண் டிரம்மை மாட்டியிருந்தாள். தாளம் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் போனது.

"அவர் இருந்தப்பவும் இப்படித்தான்," என்றார் எரிக், தாழ்ந்த குரலில் இல்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விஜியும் சிரித்தாள். அவளை யாரும் முறைக்கவில்லை.

பெட்டி மூடுவதற்கு முன்னால் லைனில் ஒரு வழக்கம். தலைமாட்டில் ஒருவர் நின்று கேட்க வேண்டும். கேட்காமல் ஆணியைத் தொட மாட்டார்கள். எரிக் போய் நின்றார்.

"இன்னும் யாராவது முகம் பாக்கணுமா?"

ஒரு கிழவர் கைத்தடியோடு வந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"இன்னும் யாராவது பாக்கணுமா?"

யாருமில்லை. ஆணிக்காரர் சுத்தியலை எடுத்தார். எரிக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடைசியாக் கேக்கறேன். யாருக்காவது இன்னும் இவரு கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது கீதா?"

"இருங்க மாமா, இருங்க," என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். நாகேஷ், நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் மூச்சு வாங்க ஓடிவந்தான். எல்லாரும் வழிவிட்டார்கள். அவன் பார்த்துவிட்டு, சின்னப்பாவின் கையைத் தொட்டுவிட்டு நிமிரும்வரை சுத்தியல் காத்திருந்தது.

குளோரியா அந்தச் சுத்தியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் எரிக் அவளை உரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட வந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் போன் ஒரு சத்தம் போட்டது. 'உங்கள் கணக்கு மீட்டமைக்கப்பட்டது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.' மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவ்வளவுதான். மூடியதற்கும் காரணமில்லை, திறந்ததற்கும் காரணமில்லை. உள்ளே சின்னப்பாவின் அறிவிப்பு, அனுமதிக்குக் காத்திருக்கிறது என்றபடியே இன்னமும் நின்றுகொண்டிருந்தது.

அதற்கு அனுமதி கொடுத்தாள். பிறகு, நீக்கப்பட்டவர்கள் என்ற பக்கத்தைத் திறந்தாள். அதை அவள் திறந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"உங்களச் சேத்துக்கட்டுமாண்ணா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"மொதல்ல காரணத்தப் போடு. எல்லாரும் பாக்கற மாதிரி."

குளோரியா எழுதினாள்: 'எரிக் அவர்களை நான் நீக்கியது அவர் தப்பு செய்ததற்காக அல்ல. என் புருஷனைப் பற்றி எழுதி என்னைச் சிரிக்க வைத்ததற்காக. அவர் எழுதியதையும் அழித்துவிட்டேன். அதைத் திரும்ப எழுதித்தரக் கேட்டுக்கொள்கிறேன்.' படித்துக் காட்டினாள். எரிக் தலையாட்டினார்.

"கப்பு இன்னும் கீதா?"

"காலைலகூட அளந்தேன்."

எரிக்குக் கீழே நிறையப் பேர் இருந்தார்கள். ரோஜாப்பூக்காரர் இருவர். சோப்பு விற்றவர் ஒருவர். அதற்கும் கீழே ஒரு பெயரில் அவள் விரல் நின்றது.

"தனக்கோடி. இவர எதுக்குத் தூக்குனேன்?"

"என்னக் கேட்டா? மூடுனது நீதானே."

"நெஜமா ஞாபகம் வரலண்ணா. யாரு இவரு?"

எரிக் பிளாட்பாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பங்காருபேட்டக்காரன். அவங்க அம்மா போன வருசம் போச்சு. மாரிகுப்பம் லைன் பூக்காரம்மா. அவனால குரூப்ல போட முடியல. எனக்கே ஒரு வாரம் கழிச்சிதான் தெரியும். தூக்கறதுக்கு ஆள் பத்தலன்னு ரோட்டுல போறவனக் கூப்ட்டானாம்."

ரயில் ஒரு முறை குலுங்கி நகர்ந்தது. எரிக் கூடவே நாலடி நடந்தார்.

"நைட் டூட்டி அவனுக்கு," என்றார். "தினம் இதே ரயில்தான். பங்காருபேட்டைல ஏறுவான். இதே பொட்டி."

பிளாட்பாரம் பின்னால் போயிற்று. குளோரியா போனை அணைத்து மடியில் வைத்தாள். என்ன காரணம் என்று மறுபடி யோசித்துப் பார்த்தாள். வரவில்லை. வராது என்றும் தெரிந்தது. காரணம் கேட்பவனுக்கு, தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வேகம் குறைந்து வெளியே பங்காருபேட்டையின் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது, எதிர் சீட்டில் வைத்திருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு, குளோரியா கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.